மணி என்ன என்று கேட்கும் அப்பா: திரை வசனமும் பேச்சுச் செயலும்

பட விமர்சனங்களில் வசனத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரி. 'வசனங்கள் கூர்மை' என்றோ 'வசனம் கொஞ்சம் தூக்கல்' என்றோ எழுதிவிட்டு ஒளிப்பதிவுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் பேச விரும்புகிற சிலர் 'பேச்சுச் செயல்' என்ற சொல்லைக் கையில் எடுக்கிறார்கள். எடுப்பது நல்லதுதான், ஆனால் ஆளுக்கொரு பொருளில் வீசுகிறார்கள். ஒருவருக்கு அது கைதட்டல் வாங்கும் வசனம். இன்னொருவருக்கு மேல்பேச்சின் அடியில் ஒளிந்திருக்கும் உட்பொருள். வேறொருவருக்கு, பேசும்போது நடிகர் காட்டும் முகபாவம். மூன்றும் அதன் பக்கத்து வீடுகள். அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் போய்ச் சேரவில்லை.

முதலிலேயே ஒரு குறிப்பு. கீழே வரும் காட்சிகளில், பெயர் சொல்லும் ஒரு படத்தைத் தவிர, மற்றவை நானே கட்டியவை. அவற்றின் வசனங்களை எழுத்து நடையில் தருகிறேன். திரையில் அவை பேச்சு வழக்கில்தான் ஒலிக்கும். உங்கள் ஊர் வழக்கில் காதுக்குள் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## வாசற்படியில் நடப்பது

வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள். 'போய் வருகிறேன் என்று சொல்' என்று திருத்துவார்கள். செய்தி என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே யாரும் செய்தி கேட்கவும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. 'போய் வருகிறேன்' என்று சொல்வதே விடைபெறுதல். சொன்னால் விடைபெற்றாகிவிட்டது. சொல்லாமல் போனால் 'ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்' என்ற குறை பின்னால் நிற்கும்.

இதே சொல்லை இழவு வீட்டில் சொல்லக் கூடாது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் அங்கே முறை. அந்த வீட்டுக்கு 'வருகிறேன்' என்று சொன்னால் அந்தச் சொல் எதையாவது செய்துவிடுமோ என்ற தயக்கம். இந்தத் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று நீங்கள் தள்ளிவிடலாம். ஆனால் சொல் காரியம் செய்யும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது.

பஸ்ஸில் நடத்துநர் 'சில்லறை இல்லை' என்று குரல் கொடுக்கிறார். இலக்கணப்படி அது ஒரு செய்தி. யாரும் 'அடடா, பாவம்' என்று பதில் சொல்வதில்லை. பையைத் துழாவிச் சரியான காசை எடுக்கிறோம். 'உள்ளே இடம் இருக்கிறது' என்று அவர் சொன்னால் படியில் நிற்பவர்கள் நகர்கிறார்கள். செய்தி வடிவில் வந்தது கட்டளை என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பேச்சுச் செயல் என்பது இதுதான்: ஒன்றைச் சொல்வதன் வழியாகவே நிறைவேறும் காரியம். விடைபெறுதல், கேட்டல், ஏவுதல், வாக்குக் கொடுத்தல், மிரட்டுதல், மன்னித்தல் எல்லாம் இதில் அடங்கும்.

## ஆஸ்டின் கிளப்பிய கேள்வி

இதை ஒரு கோட்பாடாக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜே. எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடர் உரைகளாகப் பேசினார். 1960இல் அவர் இறந்துவிட, அந்த உரைகள் 1962இல் நூலாக வந்தன. வாக்கியம் என்றால் அது உண்மையா பொய்யா என்று சோதிக்க வேண்டியது என்ற பழக்கம் தத்துவத்தில் அதுவரை ஓங்கியிருந்தது. ஆஸ்டின் எடுத்துக்காட்டியது வேறு வகை வாக்கியங்களை. 'இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் சூட்டுகிறேன்' என்று ஒருவர் சொல்கிறார். இது உண்மையா, பொய்யா? கேள்வியே ஒட்டவில்லை. அவர் எதையும் விவரிக்கவில்லை, பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற அமெரிக்கரான ஜான் செர்ல் பிறகு இந்தச் செயல்களை ஐந்து பெரிய குடும்பங்களாகப் பிரித்தார்: இன்னது இப்படி என்று உரைப்பவை, பிறரை ஏவுபவை, பேசுபவரையே கட்டுப்படுத்தும் வாக்குகள், நன்றி வருத்தம் போன்ற உணர்வைத் தெரிவிப்பவை, சொன்ன மாத்திரத்தில் உலகை மாற்றும் அறிவிப்புகள். வகைப்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. படம் பார்க்கிறவருக்கு இதைவிடப் பயன்படுவது ஆஸ்டின் பிரித்துக் காட்டிய மூன்று அடுக்குகள்.

## சொன்னது, செய்தது, விளைந்தது

ஒரு காட்சி. தம்பிக்குப் பணமுடை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்து, 'திருப்பித் தர வேண்டாம்' என்கிறான். தம்பியின் முகம் சுருங்குகிறது.

இங்கே சொன்னது மூன்றே சொல்லில் அடங்கும் ஒரு வாக்கியம். பணமும் சூழலும் இல்லாவிட்டாலும் அதற்குப் பொருள் உண்டு. செய்தது, கடனாகக் கேட்கப்பட்டதைக் கொடையாக மாற்றியது. விளைந்தது தம்பியின் அவமானம். முதலாவதைச் சொல்வடிவம் என்றும், இரண்டாவதைச் செயல் என்றும், மூன்றாவதை விளைவு என்றும் இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன்.

வசனத்தைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிறது. 'இந்த வசனத்தால் அண்ணன் தம்பியை அவமானப்படுத்துகிறான்' என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் காட்சி கைநழுவிப் போகும். அண்ணன் அவமானப்படுத்தியிருந்தால் தம்பி சண்டை போடலாம், பணத்தை வீசி எறியலாம். அண்ணன் கொடுத்திருக்கிறான்; மனதாரவே கொடுத்திருக்கிறான். அதனால்தான் தம்பிக்கு எந்த வழியும் இல்லை. கடன் கேட்டவன் சமமானவன், தானம் வாங்கியவன் அப்படி இல்லை. செயல் நல்லதாகவும் விளைவு கொடியதாகவும் இருப்பதில்தான் அந்தக் காட்சியின் வலி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் அண்ணன் வில்லனாகிவிடுவான், படமும் சாதாரணமாகிவிடும்.

சுருக்கமாக: சொல்வடிவம் வாக்கியத்தில் இருக்கிறது. செயல், பேசுபவரும் கேட்பவரும் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தில் இருக்கிறது. விளைவு, கேட்பவருக்குள் நேர்கிறது.

## சொல்ல யாருக்குப் பாத்தியதை?

ஊர்ப் பஞ்சாயத்துக் காட்சி இல்லாத காலம் தமிழ் சினிமாவில் உண்டா என்று தெரியவில்லை. ஆலமரம், திண்ணை, துண்டு, செம்பு. நாட்டாமை எழுந்து, 'இன்றையிலிருந்து இந்தக் குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கிறோம்' என்கிறார். அந்தக் கணத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் இல்லை, கடையில் சாமான் இல்லை. அடி உதை எதுவும் இல்லாமல், வாய்ச்சொல் ஒன்றால் ஒரு வாழ்க்கை புரண்டுவிட்டது.

அதே வாக்கியத்தை, அதே மரத்தடியில், இரவு குடித்துவிட்டு வந்த ஒருவன் அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொல்லட்டும். திரையரங்கு சிரிக்கும். சொல்வடிவம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இல்லாமல் போனது பாத்தியதை. ஒரு பேச்சுச் செயல் நிறைவேறுவதற்கு வெளியே சில தேவைகள் கூடியிருக்க வேண்டும்: சொல்ல உரிமையுள்ள ஆள், அதற்குரிய இடம், ஏற்றுக்கொள்ளும் வழக்கம், பல சமயம் உண்மையான மனமும்கூட. இவற்றைப் பொருத்த நிபந்தனைகள் என்கிறார்கள். ஆளோ இடமோ வழக்கமோ தவறினால் செயல் புஸ்வாணமாகிவிடும். மனம் மட்டும் தவறினால் செயல் நடந்துவிடும், ஆனால் போலியாக.

நம் நகைச்சுவைக் காட்சிகளில் எத்தனை இந்தப் புஸ்வாணத்தை நம்பியே ஓடுகின்றன என்று கவனித்துப் பாருங்கள். போலி போலீஸ், போலிச் சாமியார், மாப்பிள்ளை வீட்டாராக நடிக்கும் நண்பர்கள். இன்னொரு வகையும் உண்டு: பந்தியில் ஒருவர் 'உப்பு இருக்கிறதா?' என்று கேட்க, பக்கத்து இலைக்காரர் 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குச் சாப்பிடுகிறார். செயலை விட்டுவிட்டுச் சொல்வடிவத்துக்கு மட்டும் பதில் சொல்பவர் நம் கோமாளிகளில் பழைய ஆள்.

படப்பிடிப்பில் நடிகர் தாலி கட்டினால் திருமணம் ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. மேடையில் நடிகர் சொல்லும் சொல் வெறுமையானது என்று ஆஸ்டினே அதை ஒதுக்கிவைத்துவிட்டார். கதைக்கு உள்ளே மட்டும் எல்லா நிபந்தனையும் உயிரோடு இருக்கிறது. அங்கே அவர்கள் கணவன் மனைவிதான். நாம் அலசுவது கதைக்குள் இருக்கும் அந்த உலகத்தை.

## வில்லன் நலம் விசாரிக்கிறான்

சொல்வடிவம் ஒன்றாகவும் செயல் வேறாகவும் இருந்தால் அது மறைமுகப் பேச்சுச் செயல். நடத்துநரின் 'சில்லறை இல்லை' இந்த ரகம். சினிமா வில்லனின் கையில் இது கூரிய ஆயுதம். தொழிற்சங்கத் தலைவரின் வீட்டுக்கு முதலாளியின் ஆள் வருகிறான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, 'உங்கள் பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்?' என்று கேட்கிறான்.

கேள்வியில் ஒரு கடுஞ்சொல் இல்லை. அது மிரட்டல் என்பது நமக்கு எப்படித் தெரிந்தது? 'உட்பொருள்' என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் அந்தப் பொருளை நாம் எடுத்த வழி ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்பவருக்கு விடை தேவைப்பட வேண்டும் என்பது கேள்வியின் நிபந்தனை. இவனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் எதற்கு? நியாயமான தேவை எதுவும் இல்லை. நிபந்தனை விழுந்ததும் நம் மனம் அடுத்த விளக்கத்தைத் தேடுகிறது: நான் உன் பையனை எட்டிவிட முடியும். மிரட்டல் என்பது தலைகீழாகக் கவிழ்த்த வாக்கு. வாக்கில், வரப்போவதைக் கேட்பவர் விரும்புவார்; மிரட்டலில் அஞ்சுவார். 'நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன்' என்று பெண் கேட்க வருபவர் சொன்னால் வாக்கு, வட்டிக்காரர் சொன்னால் மிரட்டல்.

மறைமுகமாகச் செய்வதில் பேசுபவருக்கு ஒரு லாபம் உண்டு. தலைவர் கொதித்து எழுந்தால், 'நலம்தானே விசாரித்தேன்' என்று அவன் கையை விரித்துவிடலாம். காவல் நிலையத்தில் போய் என்ன புகார் எழுதிக் கொடுப்பது?

## ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் விட்டதைப் பிடிப்போம்

இதெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் பள்ளி இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். அறியாமல் கேட்பது இந்த ஆறில் ஒன்றுதான். விடை தெரிந்துகொண்டே மாணவனைச் சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா. கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கிறதா?' என்பது வாங்குவதற்காகக் கேட்கும் கொளல் வினா. 'மாற்றிக்கொள்ளத் துணி இருக்கிறதா?' என்று கொடுப்பதற்காகக் கேட்டால் கொடை வினா. 'வீட்டுப்பாடம் எழுதினாயா?' என்பது போய் எழுது என்னும் ஏவல் வினா. ஆறுக்கும் பெயர் வினாதான். செயல்கள் வேறு வேறு.

விடையிலும் எட்டு வகை. சுட்டு, மறை, நேர் என்ற முதல் மூன்றும் வெளிப்படையானவை. மீதி ஐந்தும் சுற்றி வருபவை: 'கடைக்குப் போவாயா?' என்றதற்கு 'நீயே போ' என்பது ஏவல், 'போகாமல் இருப்பேனா?' என்பது வினா எதிர் வினாதல், 'கால் வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல், 'கால் வலிக்கும்' என்பது உறுவது கூறல், 'ஆடத் தெரியுமா?' என்றதற்குப் 'பாடத் தெரியும்' என்பது இனமொழி.

அதற்காக, ஆஸ்டினுக்கு முன்பே எல்லாம் எங்களிடம் இருந்தது என்று மார்தட்டக் கிளம்ப வேண்டாம். நன்னூல் வகைகளை நுட்பமாகப் பிரித்தது. ஒரு சொல் எப்போது செல்லும், எப்போது செல்லாது, யார் சொன்னால் செல்லும் என்பது ஆஸ்டின் எழுப்பிய கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் தமிழ் வசனம் நன்றாகவே பிடிபடுகிறது.

1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தில், ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மனாக வரும் சிவாஜி கணேசன் பேசும் இடம் இதற்குச் சரியான சோதனை. ஊருக்கே மனப்பாடமான வசனம், எனவே இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. கேட்கப்படுவது வரி. கட்டபொம்மன் வயல் வேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, நீ இதற்கு வந்தாயா, அதைச் செய்தாயா என்று கேள்விமேல் கேள்வி போடுகிறார். நன்னூல் படித்தவர் உடனே சொல்லிவிடுவார்: வினா எதிர் வினாதல், இங்கே அது மறுப்பு. சரிதான். ஆனால் 'தர முடியாது' என்ற ஒரு சொல்லிலும் மறுப்பு முடிந்திருக்கும். இந்தக் கேள்விகள் வேறு எதைச் செய்கின்றன? வரி கேட்பதும் ஒரு பேச்சுச் செயல். கேட்பவருக்கு உரிமை இருந்தால்தான் அது செல்லும். வயலில் பாடுபடாதவன், உறவும் இல்லாதவன், எந்தப் பாத்தியதையில் கேட்கிறான்? ஒவ்வொரு கேள்வியும் அந்த நிபந்தனையை ஒரு செங்கலாகப் பெயர்க்கிறது. கடைசியில் வரி மறுக்கப்பட்டது என்பதைவிட, வரி கேட்டதே செல்லாது என்றாகிவிடுகிறது. அந்த வசனத்தின் வேகத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். அதன் தர்க்கம் அந்த வேகத்துக்குச் சற்றும் சளைத்ததல்ல.

## நாலு வரி, நாலு காரியம்

இனி ஒரு சின்னக் காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கூடம். காலைப் பத்திரிகையை இரவில் விரித்து வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நேர் எதிரே சுவர்க்கடிகாரம், பத்து பத்து. வேலையிலிருந்து மகள் வந்து வாசற்படியில் நிற்கிறாள். அம்மா சமையலறை வாசலில்.

'மணி என்ன?'

'பஸ் கிடைக்கவில்லை அப்பா.'

'சட்னி இருக்கிறது. இரண்டு தோசை ஊற்றட்டுமா?'

'கதவைத் தாழ்ப்பாள் போடு.'

தாளில் படித்தால் ஒன்றோடொன்று ஒட்டாத நாலு வரி. யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டு, வாதாடப்பட்டு, தீர்ப்பும் வந்துவிட்டது.

அப்பாவுக்கு மணி தெரியும். கடிகாரம் எதிரிலேயே இருக்கிறது. தெரியாதவர் கேட்பதுதான் கேள்வி என்ற நிபந்தனை விழுந்ததும் மிஞ்சுவது குற்றச்சாட்டு. மகளின் வரியில் மணியே இல்லை. நடந்ததைச் சொல்லிக் குற்றச்சாட்டுக்குச் சமாதானம் சொல்கிறாள். அதன் மூலம், கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொள்கிறாள். அவள் 'பத்து பத்து' என்று மட்டும் சொல்லியிருந்தால் கேள்விக்கு மிகச் சரியான விடை. வீட்டில் அன்றைக்கு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அம்மாவின் வரி எனக்கு மிகவும் பிடித்தது. வடிவத்தில் அது மகளைப் பார்த்துக் கேட்ட கொடை வினா. போய்ச் சேர வேண்டிய இடம் அப்பாவின் காது. சாப்பிடும் பிள்ளையைத் திட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். தட்டு வைக்கப்பட்டால் விசாரணை நின்றாக வேண்டும். கூடத்தில் அவளுக்கு அதிகாரம் இல்லை. அடுப்பங்கரை அவள் எல்லை, அங்கிருந்து அவள் செய்யும் அறிவிப்பு செல்லும். தோசையைச் சொல்லி வழக்கை முடித்துவைக்கப் பார்க்கிறாள்.

அப்பாவின் கடைசி வரி அப்பட்டமான கட்டளை. ஆனால் தாழ்ப்பாள் போட வேண்டுமென்றால் உள்ளே வர வேண்டும். தினமும் இரவு அவள் செய்யும் வேலை அது. 'சரி, போகட்டும்' என்று சொல்ல நாக்கு வராத மனிதர், வழக்கமான ஓர் ஏவலைச் சொல்லி அவளை வீட்டுக்குள் எடுத்துக்கொள்கிறார். அந்த வரியில் நடந்தது மன்னிப்பு.

மணி, பஸ், தோசை, தாழ்ப்பாள் என்று இருந்தது குற்றச்சாட்டு, சமாதானம், சமரசம், மன்னிப்பு என்றாகிவிட்டது. யாருடைய மனத்துக்குள்ளும் நாம் நுழையவில்லை. அறையில் எல்லோருக்கும் தெரிந்ததை வைத்தே இவ்வளவும் எடுத்தோம்.

## கேமராவும் ஒரு பங்காளி

வீட்டுப் பேச்சுக்கும் திரை வசனத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வசனத்துக்கு எப்போதும் இரண்டு காதுகள்: எதிரில் நிற்கும் பாத்திரத்தின் காது, இருட்டில் உட்கார்ந்திருக்கும் நம் காது. நிபந்தனைகளில் எது நிறைவேறியிருக்கிறது, எது விழுந்திருக்கிறது என்று நமக்குச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் கேமராவுடையது. அந்தக் கடிகாரத்தைக் காட்டாமல் விட்டால் அப்பா மணிதான் கேட்டார் என்று நினைப்போம். மகள் பதில் சொன்ன பிறகு காட்டினால், நாம் தாமதமாகப் புரிந்துகொண்டு அவளுக்காகப் பதறுவோம். தோசை பற்றிக் கேட்கும்போது அம்மாவின் கண் யார் பக்கம் இருக்கிறது என்பதைப் படத்தொகுப்பாளர் அரை வினாடி கூட்டிக் குறைத்தால் காட்சியே வேறாகும். ஆகவே வசனத்தை எழுதிவைத்த தாளிலிருந்து மட்டும் பேச்சுச் செயலை அலசுவது பாதி வேலைதான்.

தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு. 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்தவள் சண்டையின் நடுவே 'நீ' என்று மாறினால், அந்த மாற்றமே ஒரு செயல். காதல் காட்சியில் அதே மாற்றம் நெருக்கத்தை அறிவிக்கிறது, அலுவலகத்தில் அவமதிப்பை. ஆங்கிலத் துணை உரையில் இது பெரும்பாலும் தொலைந்துபோகிறது.

பேசாமல் இருப்பதும் சில இடங்களில் செயலாகக் கணக்கில் வருகிறது. பெண் பார்க்கும் காட்சியில் 'பெண்ணுக்குச் சம்மதமா?' என்று யாரோ கேட்க, அவள் தலைகுனிந்து நிற்கிறாள். 'வெட்கப்படுகிறாள், சம்மதம்தான்' என்று ஒரு பெரியவர் முடித்துவிடுகிறார். எத்தனையோ படங்கள் இதை மங்களமாகவே காட்டியிருக்கின்றன. நிபந்தனை என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எனக்கு அது அவ்வளவு மங்களமாகத் தெரியவில்லை. அங்கே 'சம்மதம்' என்ற செயலைச் செய்தவர் அந்தப் பெரியவர். அவள் இன்னும் எதையும் செய்யவில்லை.

அடுத்த முறை ஒரு காட்சியை நிறுத்திப் பார்க்கும்போது முதலில் இவன் என்ன சொன்னான் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, இதைச் சொல்ல இவனுக்கு என்ன பாத்தியதை, எந்த நிபந்தனை விழுந்திருக்கிறது, எதிரில் இருப்பவர் இதை என்னவாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வி மிக முக்கியம். உங்கள் ஊகம் தவறானால் அடுத்த வரி ஒட்டாமல் நின்று உங்களைத் திருத்திவிடும்.

பழகிப் பார்க்க அந்த அப்பாவின் கூடத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கடைசி வரியை அவர் மகளிடம் சொல்லவில்லை. மகள் இன்னும் வாசற்படிக்கு வெளியேதான் நிற்கிறாள். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பி, அதே குரலில் சொல்கிறார்: 'கதவைத் தாழ்ப்பாள் போடு.'